அரச கந்தோர், லோயர், டொக்டர்: கோட்டில அவங்கட கடமை என்ன? திருகோணமலைச் சனம் கேக்கிற கேள்விகள்

கச்சேரி, பிரதேச செயலகம், பொலிஸ், ஆஸ்பத்திரி, கோடு (நீதிமன்றம்) எண்டு அலையிற ஆக்கள் திரும்பத் திரும்பக் கேக்கிற கேள்விகள ஒரு இடத்தில சேத்துப் போட்டிருக்கன். நான் லோயர் இல்ல, மனு எழுதவும் ஆக்களோட கூடப் போகவும் உதவி செய்யிற ஆள். ஊர் ஊரா நான் பாக்கிற விசயம் ஒண்டுதான், எங்கட சனத்துக்குத் தங்கட கடமை நல்லாத் தெரியும், எந்தப் போம் நிரப்பணும் எந்த நாள் போகணும் எண்டு சொல்லுவாங்க, ஆனா மேசைக்கு அங்கால இருக்கிறவருக்கும் சட்டம் கடமை வைச்சிருக்கு எண்டத யாரும் அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கல.

கந்தோரில "ஏலாது" எண்டு வாயால சொல்லி அனுப்பிட்டாங்க. காரணம் சொல்ல வேண்டிய கடமை அவங்களுக்கு இருக்கா?

இருக்கு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தில 35ஆம் பிரிவ வாசிச்சுப் பாருங்க. அரச அதிகாரி ஒராள் ஒரு முடிவு எடுத்தா அந்த முடிவால பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்லோணும் எண்டு தெளிவா இருக்கு. அதுக்கு முன்னமே யுனிக் ஜெம் ஸ்டோன்ஸ் வழக்கில உயர் நீதிமன்றம் (நாட்டின்ட ஆக மேல உள்ள கோடு) இதப் பேசியிருக்கு, காரணத்த மறைச்சு வைச்சா அந்த முடிவுக்குக் காரணமே இல்ல எண்டு கோடு எடுத்துக்கொள்ளலாம்.

அதால கவுண்டரில நிண்டு வாக்குவாதப்பட வேணாம். வீட்ட வந்து ஒரு கடிதம் எழுதுங்க: இன்ன திகதி இன்ன விசயத்துக்கு வந்தன், மறுக்கப்பட்டுது, காரணத்த எழுத்தில தாங்க. ரெஜிஸ்டர் போஸ்ட்ல போட்டு அந்தத் துண்ட கடிதத்தின்ட போட்டோகொப்பியோட பின் பண்ணி வையுங்க. பின்னால எந்தக் கோட்டுக்குப் போனாலும் முதல்ல கேக்கிறது இந்தத் துண்டத்தான்.

தகவல் கேட்டா எத்தின நாளுக்குள்ள தரோணும்?

அதே தகவலறியும் உரிமைச் சட்டப்படி, கந்தோரின்ட தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லோணும். தாறதெண்டு முடிவெடுத்தா அதுக்குப் பிறகு 14 நாளுக்குள்ள குடுக்கோணும், கனக்கப் பக்கம் எண்டா இல்லாட்டி வேற ஊரிலயிருந்து எடுக்கோணும் எண்டா இன்னும் 21 நாள் வரைக்கும் நீட்டலாம். உயிரோடயோ ஒருத்தரின்ட சுதந்திரத்தோடயோ சம்பந்தப்பட்டது எண்டா 48 மணித்தியாலம்தான். ஏன் கேக்கிறீங்க எண்டு உங்களிட்ட காரணம் கேக்க அவங்களுக்கு உரிமை இல்ல. எழுத ஏலாதவங்க வாயால சொன்னாலும் ஏற்கோணும்.

தரல எண்டா 14 நாளுக்குள்ள அதே நிறுவனத்தில இருக்கிற குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவர் 3 கிழமைக்குள்ள முடிவு சொல்லோணும், அதுவும் சரிவரல எண்டா 2 மாசத்துக்குள்ள கொழும்பில இருக்கிற தகவலறியும் உரிமை ஆணைக்குழு. அந்த ஆணைக்குழுவில சட்டப்படி நடந்தம் எண்டு நிரூபிக்கிற பொறுப்பு கந்தோருக்குத்தான். நீங்க பிழை காட்டத் தேவையில்ல, அவங்க சரி எண்டு காட்டோணும். இத நான் ஆருக்குச் சொன்னாலும் முதல்ல நம்புறதில்ல.

எனக்கு வந்த கடிதம் முழுக்கச் சிங்களம். பொலிஸில எழுதின முறைப்பாடும் சிங்களம். கோட்டில நான் என்ன கேக்கலாம்?

அரசியலமைப்பின்ட 22ஆம் உறுப்புரைப்படி வடக்கு, கிழக்கு மாகாணத்தில நிர்வாக மொழியும் பதிவேட்டு மொழியும் தமிழ். 24ஆம் உறுப்புரை கோட்டப் பத்தினது: இங்க கோட்டு மொழியும் தமிழ், நீங்க மனுவையும் விளக்கத்தையும் தமிழில குடுக்கலாம், நடக்கிற மொழி உங்களுக்கு விளங்கல எண்டா மொழிபெயர்ப்ப அரசாங்கம் தன்ட செலவில தரோணும். நீதவானுக்கு முன்னால எழும்பி "ஐயா எனக்கு விளங்கல, மொழிபெயர்ப்பாளர் வேணும்" எண்டு சொல்ல ஒருத்தரும் பயப்பிட வேணாம், அது உங்கட உரிமை, அப்பிடிக் கேட்டதும் வழக்கேட்டில பதிவாகோணும்.

கந்தோர் விசயத்தில அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம், அது 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தில வந்தது. மொழி உரிமை மீறினா அடிப்படை உரிமை மாதிரியே உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். முக்கியமா ஒண்டு, விளங்காத மொழியில எழுதின வாக்குமூலத்தில கையெழுத்து வைக்காதீங்க. "இதுதான் நீங்க சொன்னது அம்மா, கீழ வையுங்க" எண்டு அவசரப்படுத்துவாங்க. வாசிச்சுத் தமிழில சொல்லுங்க எண்டு கேளுங்க, அது நடக்கிற வரைக்கும் பேனையத் தொடாதீங்க.

அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாசம்தான் எண்டு சொல்லுறாங்க, உண்மையா?

உண்மை. அரசியலமைப்பின்ட 126ஆம் உறுப்புரையின்படி அரச நிர்வாகச் செயலால உங்கட உரிமை மீறப்பட்டா ஒரு மாசத்துக்குள்ள உயர் நீதிமன்றத்துக்கு மனு போகோணும். திருகோணமலையிலயிருந்து பாக்கேக்க இது கொடூரமான காலக்கெடு எண்டுதான் நான் சொல்லுவன், கொழும்பில லோயர் பிடிச்சு, பேப்பருகள மொழிபெயர்த்து, நைட் மெயில்ல போய் வந்து, காசும் தேடி, இதெல்லாம் 30 நாளுக்குள்ள எண்டா மூதூரிலயோ வெருகலிலயோ இருக்கிற ஒரு குடும்பத்துக்கு எப்பிடி முடியும். அதே உறுப்புரை உயர் நீதிமன்றம் 2 மாசத்துக்குள்ள விசாரிச்சு முடிக்கோணும் எண்டும் சொல்லுது, ஆனா வழக்குகள் வருசக் கணக்கா இழுபடுது. சனத்துக்குக் குடுத்த கெடு மட்டும் இறுக்கமா நிக்குது.

ஒரு வழி இருக்கு. அந்த ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு குடுத்தா, 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்ட 13ஆம் பிரிவுப்படி அங்க விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாசத்தில சேராது. ஆணைக்குழுவின்ட பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலயே இருக்கு, கொழும்புக்கு ஓடத் தேவையில்ல. ஆனா கவனம், முறைப்பாடு குடுத்த துண்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையா நடந்துகொண்டிருக்கு எண்டு காட்டோணும் எண்டு உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதால ஆணைக்குழு அனுப்பிற ஒவ்வொரு கடிதத்தையும், கூப்பிட்ட திகதியையும் சேத்து வையுங்க. கேக்காம விட்டா அவங்களும் எழுத்தில தரமாட்டாங்க.

எழுத்தாணை எண்டா என்ன, எந்தக் கோட்டுக்குப் போகோணும்?

அதிகாரம் இல்லாம எடுத்த முடிவ இல்லாமச் செய்ய, செய்ய வேண்டிய வேலைய செய்ய வைக்க, செய்யக் கூடாதத தடுக்க, கோடு போடுற கட்டளைதான் அது. அரசியலமைப்பின்ட 140ஆம் உறுப்புரைப்படி கொழும்பில மேன்முறையீட்டு நீதிமன்றம். மாகாண சபைக்கு உரிய விசயம் எண்டா எங்கட மாகாண மேல் நீதிமன்றத்திலயே கேக்கலாம். எது மாகாணத்துக்கு உரியது எண்டதுதான் சிக்கல், அத லோயரிட்ட கேட்டுத்தான் போகோணும், பிழையான கோட்டுக்குப் போனா மாசக் கணக்கில நேரம் போகும்.

காணிய விட்டு எழும்பச் சொல்லி பிரதேச செயலகத்திலயிருந்து நோட்டீஸ் வந்திருக்கு. நாங்க பரம்பரையா இருக்கிற காணி. கோட்டில கதைக்க விடுவாங்களா?

எங்கட மாவட்டத்தில ஆகக் கூட வாற கேள்வி இது, அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன். இந்த நோட்டீஸ் அனேகமா 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் ஆட்சி மீளப்பெறல் சட்டத்தில வாறது. அதிகாரி இது அரச காணி எண்டு கருதினா காணும், நோட்டீஸ் குடுக்கலாம், எழும்ப 30 நாளுக்குக் குறையாமத் தரோணும். எழும்பல எண்டா நீதவான் கோட்டில விண்ணப்பம் போடுவாங்க, உங்களுக்கு அழைப்பாணை வரும்.

அங்கதான் சனம் அதிர்ந்து போறது. 40 வருசம் இருந்தம், கிணறு வெட்டினம், தென்னை வைச்சம், இடம்பெயர்ந்து திரும்பி வந்தம் எண்டு சொல்ல ஆயத்தமா போவாங்க, ஆனா 9ஆம் பிரிவுப்படி நீங்க காட்டக் கூடியது ஒண்டே ஒண்டுதான்: செல்லுபடியாகிற பெமிட் அல்லது அரசாங்கம் எழுத்தில தந்த வேற அனுமதி. அரச காணிதானா எண்டு நிரூபிக்க அதிகாரியிட்ட சாட்சியம் கேக்க நீதவானுக்கு அதிகாரம் இல்ல. இது நியாயமில்லாத சட்டம் எண்டு நான் நினைக்கிறன், ஒரு பக்கத்துக்கு வாயப் பூட்டிப் போட்டு மற்றப் பக்கத்தின்ட சொல்ல மட்டும் எடுக்கிற சட்டம். ஆனா மாத்திற வரைக்கும் அதுதான் சட்டம், அதத் தெரிஞ்சு போனாத்தான் தப்பலாம்.

செய்யக் கூடியது: நோட்டீஸ் வந்த அண்டைக்கே பெமிட், எல்டிஓ (காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்) பேப்பர், காணிக் கச்சேரிக் கடிதம், பழைய உறுதி எல்லாத்தையும் தேடுங்க. யுத்தத்திலயோ சுனாமியிலயோ துலைஞ்சு போனா பிரதேச செயலகத்தில பதிவேட்டுப் பிரதி கேளுங்க. பொது ஆவணத்துக்கு உறுதிப்படுத்தின பிரதி குடுக்கிறது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்ட 76ஆம் பிரிவுப்படி அதிகாரியின்ட கடமை, கட்டணம் கட்டினாச் சரி. நோட்டீஸே பிழை எண்டா எழுத்தாணை கேக்கலாம், ஆனா அதுக்குத் திருகோணமலையில உள்ள மேல் நீதிமன்றம் சரிவராது, அரச காணி மத்திய அரசுக்கு உரியது எண்டு 2013ல சோலைமுத்து ராசு வழக்கில உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போகோணும். வெளியேத்திற கட்டளை வந்திட்டாலும் காணி உங்கட உரிமை எண்டா, 12ஆம் பிரிவுப்படி 6 மாசத்துக்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில அரசாங்கத்துக்கு எதிரா உரித்து வழக்குப் போடலாம். எழும்பினதோட எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சு அந்த 6 மாசத்த விட்டிடாதீங்க.

திணைக்களத்துக்கு எதிரா நட்டஈடு வழக்குப் போட என்ன முறை?

அரசாங்கத்துக்கு எதிரான சிவில் வழக்கு, அரசாங்கத்தின்ட தலைமை லோயரான சட்டமா அதிபரின்ட பேரிலதான் வரும். வழக்குக்கு ஒரு மாசம் முன்னம் எழுத்தில அறிவித்தல் குடுக்கோணும், இது சிவில் நடைமுறைச் சட்டக்கோவையின்ட 461ஆம் பிரிவு. அது இல்லாமப் போட்ட வழக்கு விசயத்துக்குள்ள போக முன்னமே விழுந்திடும். நட்டம் நடந்து 2 வருசத்துக்குள்ள வழக்கு வரோணும். பிரதேச சபைக்கு எதிரா எண்டா அவங்கட சட்டத்தில தனி அறிவித்தலும் 6 மாசக் கெடுவும் இருக்கு, அதால வாய்க்கால் வெட்டி வேலிய உடைச்சிட்டாங்க எண்டு வாற ஆக்கள் 2 வருசம் இருக்கு எண்டு இருந்திட வேணாம்.

அதிகாரி பிழை செய்தா அவர் தன்ட காசில கட்டுவாரா, இல்ல எங்கட வரியிலதானா?

தன்ட காசில கட்டச் சொல்லியும் தீர்ப்பு வந்திருக்கு. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாவும் முன்னாள் பொலிஸ்மா அதிபரும் முன்னாள் அரச புலனாய்வுச் சேவைப் பணிப்பாளரும் 75 மில்லியன் படியும் முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் 50 மில்லியனும் சொந்தக் காசில கட்டோணும் எண்டு சொல்லிச்சு. தகவல் கையில கிடைச்சும் செய்ய வேண்டியதச் செய்யாம விட்டதுக்குத்தான் அந்தத் தீர்ப்பு. சும்மா இருந்ததும் உரிமை மீறல்தான் எண்டு இவ்வளவு பெரிய இடத்திலயே சொல்லப்பட்டா, ஒரு சாதாரண கந்தோர் அதிகாரி "நான் ஒண்டும் செய்யல" எண்டு சொல்லித் தப்ப ஏலாது.

தனியார் கம்பனிக்கும் அப்பிடி வந்திருக்கு. சுன்னாகத்தில கிணத்துத் தண்ணியில எண்ணெய் கலந்த வழக்கில 2019 ஏப்ரல்ல மின் உற்பத்திக் கம்பனிய 20 மில்லியன் ரூபா கட்டச் சொன்னது உயர் நீதிமன்றம்.

அரசாங்கத்துக்காக ஆஜராகிறவர் கோட்டில சொன்னது அரசாங்கத்தக் கட்டுமா?

திறந்த கோட்டில சட்டமா அதிபர் பக்கம் சொல்லுற வார்த்தை பதிவாகிது, அத நம்பி வழக்கு முடிக்கப்படுது, அதால பாரமான வார்த்தை அது. சம்பூர் சனத்துக்குத் தெரியும்: நிலக்கரி அனல் மின் நிலையத்துக்கு எதிரான வழக்கில 2016 செப்டெம்பர்ல அந்தத் திட்டத்த அங்க செய்யப் போறதில்ல எண்டு உயர் நீதிமன்றத்துக்கு அறிவிச்சாங்க. இப்பிடி வாற உறுதிமொழியின்ட வழக்கேட்டுப் பிரதிய எடுத்து வையுங்க, அடுத்த அரசாங்கம் வரேக்க ஊரில அந்தப் பேப்பர்தான் பேசும். கோட்டின்ட கட்டளைய வேணுமெண்டு மீறினா 2024ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தில நீதிமன்ற அவமதிப்பு.

எங்கட லோயர் தவணைக்கு வாறதில்ல, போன் எடுத்தாலும் இல்ல. அவருக்கு என்ன கடமை? வேற ஆள மாத்தலாமா?

சட்டத்தரணிகளுக்கு உயர் நீதிமன்றம் 1988ல போட்ட நடத்தை விதிகள் இருக்கு. எடுத்த வழக்கக் கவனமா நடத்தோணும், நீங்க சொன்ன இரகசியத்தக் காக்கோணும் (இது சாட்சியக் கட்டளைச் சட்டம் 126ஆம் பிரிவிலயும் இருக்கு), கோட்ட ஏமாத்தக் கூடாது, கட்சிக்காரர் ஏமாத்தவும் இடம் குடுக்கக் கூடாது. இந்தக் கடைசிய விளங்கிக்கொள்ளுங்க, "எனக்காகப் பொய் சொல்லமாட்டன் எண்டுறார் அண்ணா" எண்டு குறை சொல்லி வாறவங்களுக்கு நான் சொல்லுறது, அந்த லோயர விடாதீங்க எண்டுதான்.

மாத்தலாம். ஆனா சிவில் வழக்கில நீங்க கையெழுத்து வைச்ச புரொக்சி (உங்களுக்காக ஆஜராக லோயருக்குக் குடுக்கிற அதிகாரப் பத்திரம்) கோட்டில கிடக்கும் வரைக்கும் அவர்தான் உங்கட பதிவு செய்த சட்டத்தரணி, கோட்டின்ட அனுமதியோட அத நீக்கிப் போட்டுத்தான் புது ஆளின்ட புரொக்சி போடலாம். கோவத்தில இன்னொருத்தரிட்ட காசக் குடுத்திட்டு வந்து நிக்கிறவங்க இதாலதான் மாட்டுப்படுறாங்க. மோசடி, தொழில்முறைக் கேடு எண்டா சத்தியக்கடதாசியோட உயர் நீதிமன்றத்துக்கு முறையிடலாம், 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின்ட 42ஆம் பிரிவில தொழில இடைநிறுத்தவோ பேர வெட்டவோ அதிகாரம் இருக்கு.

டொக்டர் கோட்டுக்கு வந்து ஆருக்காகச் சாட்சி சொல்லுறார்? கவனயீனத்தால இழப்பு வந்தா?

சட்ட வைத்திய அதிகாரி பொலிஸின்ட ஆள் இல்ல, உங்கட ஆளும் இல்ல. பாத்தத எழுதி, நிபுணராத் தன்ட அபிப்பிராயத்தக் கோட்டுக்குச் சொல்லுறதுதான் வேலை. அடிபட்டுப் போனா எங்க நோகுது, எப்பிடி நடந்தது எண்டத அவரிட்ட முழுசாச் சொல்லுங்க, பொலிஸ்காரர் பக்கத்தில நிண்டா வெளியில போகச் சொல்லிக் கேளுங்க.

கவனயீனம் எண்டா கஷ்டமான பாதை, மறைக்காமச் சொல்லுறன். குழந்தை வைத்திய நிபுணர் பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிரான வழக்கில மாவட்ட நீதிமன்றம் 5 மில்லியன் ரூபா நட்டஈடு சொன்னது, மேன்முறையீட்டு நீதிமன்றம் அத 250,000 ஆக்கிச்சு, 2001ல உயர் நீதிமன்றம் கவனயீனம் இருந்தாலும் அதாலதான் பிள்ளை இறந்தது எண்டு நிரூபிக்கப்படல எண்டு தள்ளுபடி செஞ்சது. ஆக, பிழை நடந்தது, அந்தப் பிழையாலதான் இழப்பு வந்தது, ரெண்டையும் காட்டோணும். கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு, டயக்னோசிஸ் காட் ஒண்டையும் எறியாதீங்க. டொக்டரின்ட தொழில் ஒழுக்கம் பத்தின முறைப்பாட்டுக்கு இலங்கை மருத்துவ சபை இருக்கு.

சேவையர், நொத்தாரிசு?

காணிப் பிரிவினை வழக்கில கோடு அனுப்பின சேவையரின்ட படமும் அறிக்கையும் வேற நிரூபணம் இல்லாமலே சாட்சியமாகும். அவர் வேலியப் பிழையாக் காட்டியிருந்தா சும்மா இருக்காம அவரக் கூப்பிட்டு விசாரிக்கக் கேளுங்க, கேட்டா கோடு கூப்பிடோணும்.

நொத்தாரிசு உறுதி முடிக்கேக்க கையெழுத்து வைக்கிறவர அவருக்குத் தெரிஞ்சிருக்கோணும், இல்லாட்டி சாட்சிகளுக்கு அவரத் தெரிஞ்சிருக்கோணும், ரெண்டாம் பிரதிய அடுத்த மாசம் 15ஆம் திகதிக்கு முன்னம் காணிப் பதிவகத்துக்கு அனுப்போணும். வெளிநாட்டில இருக்கிறவரின்ட காணிய ஆரோ ஒருத்தர் நிண்டு எழுதிக் குடுத்த கதை வந்தா முதல்ல பாக்க வேண்டியது இந்த விபரங்கள்தான்.

வேலையால நிப்பாட்டிட்டாங்க. தொழில் நியாய சபைக்குப் போகலாமா?

தனியார் ஹோட்டல், கம்பனி, கூட்டுத்தாபனம் எண்டா போகலாம், வேலை நிண்ட நாளிலயிருந்து 6 மாசத்துக்குள்ள. நிப்பாட்டினம் எண்டு முதலாளி ஏற்றுக்கொண்டா ஏன் எண்டு முதல்ல அவர்தான் சாட்சியோட காட்டோணும். சபை பாக்கிறது நீதியும் ஒப்புரவும், அதால மாவட்ட நீதிமன்றம் மாதிரி நுணுக்கத்தில விழுத்தமாட்டாங்க. முடிவு பிழை எண்டா 30 நாளுக்குள்ள மேல் நீதிமன்றம். அரசாங்க உத்தியோகத்தருக்கு இந்த வழி இல்ல, அவங்களுக்கு அரச சேவை ஆணைக்குழு, பிறகு நிர்வாக மேன்முறையீட்டு நியாய சபை.

சாட்சி சொல்லப் பயமா இருக்கு.

இந்த ஊரில அந்தப் பயத்த ஒருத்தரும் குறைச்சு மதிக்கக் கூடாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில 5 மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கு 2019 ஜூலையில சாட்சியம் போதாது எண்டு 13 பேரையும் விடுவிச்சு முடிஞ்சுது. முக்கியமான சாட்சிகள் பயத்தில நாட்ட விட்டே போயிருந்தாங்க. சாட்சியப் பாதுகாக்கிறது அரசாங்கத்தின்ட கடமை எண்டு 2015ல சட்டம் வந்தது, இப்ப அதுக்குப் பதிலா 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம். மிரட்டல் வந்தா திகதி, நேரம், போன் நம்பரோட எழுதி வைச்சு, அதுக்கெண்டு இருக்கிற அதிகாரசபைக்கு முறையிட்டு, கோட்டிலயும் லோயர் மூலமாச் சொல்லுங்க. மிரட்டினது தனிக் குற்றம்.

எங்கட பக்கத்தில என்ன கடமை?

உண்மை முழுக்கச் சொல்லுறது. எழுத்தாணைக்கும் அடிப்படை உரிமைக்கும் போறவர் ஒரு முக்கியமான கடிதத்த மறைச்சார் எண்டு தெரிஞ்சா, அவரின்ட பக்கம் நியாயம் இருந்தாலும் கோடு மனுவத் தள்ளும். சத்தியக்கடதாசிய வாசிக்காம சமாதான நீதவானுக்கு முன்னால கையெழுத்து வைக்காதீங்க, அதில பொய் இருந்தா வழக்கு உங்கட மேல திரும்பும்.

காசில்ல. என்ன செய்யலாம்?

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தில வந்த சட்ட உதவி ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையில அலுவலகம் இருக்கு, வருமானம் குறைஞ்சவங்களுக்கு வழக்குப் பேசுவாங்க. போகேக்க ஐடென்டிட்டி காட், ஜீ.எஸ் (கிராம சேவகர்) தந்த வருமானக் கடிதம், வந்த நோட்டீஸ் எல்லாம், நீங்க அனுப்பின கடிதங்களின்ட பிரதி, ரெஜிஸ்டர் போஸ்ட் துண்டு எல்லாத்தையும் திகதி வரிசையில அடுக்கிக் கொண்டு போங்க. அடுத்த தவணை அல்லது கெடு முடியிற திகதிய மேல ஒரு பேப்பர்ல பெரிசா எழுதி வைச்சு, உள்ள போனதும் முதல் வார்த்தையா அதச் சொல்லுங்க.